திருப்பி மாட்டிய அங்கி

ஜனவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நேற்று கோர்ட்டு முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒன்பது நீதிபதிகள். தலைமை நீதிபதியின் மனைவி, அவருடைய மாமியார். மற்ற நீதிபதிகளின் மனைவிமார் ஐந்து பேர். பெண் நீதிபதியின் வீட்டுக்காரர். அவர் பாவம், எங்கள் நடுவில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். இரண்டு குமாஸ்தாக்கள். நீதிபதிகளுக்கு அங்கி எடுத்துக் கொடுக்கிற அங்கி அறைக்காரர். படம் எடுக்கிறவர், அவருக்குக் குடை பிடிக்கிற பெண். நான். அந்த மாமியாரைத் தவிர வேறு யாருக்கும் பார்வைக் குறைவு கிடையாது. ஆகவே நான் பார்த்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

வருஷா வருஷம் கோர்ட்டு விடுமுறை முடிந்ததும் நீதிபதிகள் எல்லோரும் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம் கருப்புதான். பெரிய குற்ற வழக்கு நடக்கும்போதும், இந்தப் படத்துக்கும் மட்டும்தான் சிவப்பு. நேற்று எட்டுப் பேர் சிவப்பில் வந்தார்கள். உன் அண்ணன் மட்டும் கருப்பில் வந்தார். வரிசையின் ஓரத்தில், பழுத்த மிளகாய்க் குவியலில் ஒரு கரித்துண்டு மாதிரி நின்றார்.

தலைமை நீதிபதியின் மனைவி என் காதுப்பக்கம் குனிந்து, "என்னங்க, உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் துக்கமா?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "சிவப்பு அங்கி எங்கே?"

"தைக்கக் கொடுத்திருக்கு" என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பாப்பா, அவர் அங்கியில் நூல் பிரிந்தால் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான்தான் தைக்கிறேன். துவைப்பது நான், பெட்டி போடுவது நான். வெளியே ஒருத்தரிடம் கொடுத்ததே இல்லை. நவம்பரில் துவைத்து, மடித்து, நானே கொடுத்தனுப்பினேன், ஒரு தையல் பிரிந்திருக்கவில்லை. உன் அண்ணன் என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினால்கூட "கூடிப்போச்சு" என்று சொல்கிற மனுஷன்.

உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மருந்துக் கடையில் நின்றுகொண்டே ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாய், உனக்கு ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாதா? சிட்டு டிசம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதே இல்லை. மாமா வீடு கசந்துவிட்டதா உன் பிள்ளைக்கு? நான் ஏதாவது சொல்லிவிட்டேனா என்று கேட்டு எழுது. அவன் தட்டு மேல்தட்டிலேயே கவிழ்த்துக் கிடக்கிறது.

என்றும் அன்புடன்,
அண்ணி

*

ஜனவரி 24

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

பாப்பா எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முதுகு வலி இருக்கத்தான் செய்கிறது. அங்கேயும் எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன்.

அங்கி விஷயத்தை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆம்பிளைகள் எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். கேட்டால் கோபம் வரும். கேட்காமல் விடுவதுதான் நல்லது.

சிட்டுவை அவன் வேலை பார்க்கிற கிடங்கின் வேறு கிளைக்கு அனுப்பியிருக்கிறார்கள். தூரம் அதிகம். வேலையும் அதிகம். நீங்கள் எதுவும் சொல்லிவிடவில்லை, அண்ணி. அவனைத் தேடிக்கொண்டு எல்லாம் போக வேண்டாம், அங்கே வெளியாட்களை விடமாட்டார்கள்.

அண்ணன் இதைப் பற்றி வேறு ஏதாவது சொன்னாரா?

வணக்கத்துடன்,
பாப்பா

*

பிப்ரவரி 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு வரி எழுதினாலும் உன் எழுத்தைப் பார்த்தால் மனசு நிறைகிறது. எனக்கு முட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது, பிரார்த்தனைக்கு மண்டியிட முடியவில்லை, உட்கார்ந்தே கும்பிடுகிறேன். ஆண்டவன் முட்டியைப் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

கேட்காமல் விடச் சொன்னாய். நான் அவரைக் கேட்கவில்லை. அங்கியைக் கேட்கப் போனேன்.

கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டியைத் துவைத்து வைத்திருந்தேன். அவர் மறந்துவிட்டுப் போன மாதிரி எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். (மறக்கவில்லை. நான்தான் பையிலிருந்து எடுத்து வைத்தேன். இதற்கு ஆண்டவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.) நீதிபதிகள் உள்ளே போயிருந்தார்கள். அங்கி அறையில் அங்கி அறைக்காரர் மட்டும் பித்தளைப் பித்தான்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீளமான அறை, ஒரு பக்கச் சுவர் முழுக்க மரக்கொக்கி. ஒவ்வொரு கொக்கிக்கும் கீழே செருப்பு வைக்க ஒரு பலகை. எட்டுக் கொக்கியில் சிவப்பு. ஒன்பதாவதில் சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கியது. கிட்டே போனால், நான் போட்ட கைத்தையல். உன் அண்ணனுடைய சிவப்பு அங்கிதான் பாப்பா, உள்பக்கத்து சாம்பல் துணி வெளியே தெரிகிற மாதிரி திருப்பி மாட்டியிருக்கிறது.

"என்னங்க இது, உள்பக்கம் வெளியே கிடக்கு? மாட்டத் தெரியாதவங்க யாரு மாட்டினது?" என்று கேட்டுக்கொண்டே கையை வைத்தேன்.

மனுஷன் பித்தானைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஐயையோ, தொடாதீங்கம்மா! நான்தான் மாட்டினேன். இப்படித்தான் மாட்டணும்."

"எதுக்கு?"

"ஐயா வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

"ஐயா வீட்டுல சொல்றதா இருந்தா நான் எதுக்குங்க படியேறி வர்றேன்?"

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டு நாற்காலியை எடுத்துப் போட்டார். ரொம்ப நாளாக யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்கிற மாதிரி எங்கிருந்தோ ஆரம்பித்தார். "கருப்பு எப்படி வந்துச்சு தெரியுமாம்மா? எந்தக் காலத்துலயோ ஒரு ராணி செத்ததுக்குத் துக்கம் கொண்டாட எல்லாரும் கருப்பு போட்டாங்களாம். துக்கம் போயிடுச்சு, கருப்பு போகல. அது சும்மா கதைன்னும் சொல்றாங்க. யாரு பார்த்தது? சிவப்பு, உயிருக்கும் உடம்புக்கும் சேதம் வந்த வழக்குக்கு. நீதிபதி அங்கியில பை வைக்க மாட்டோம். யாரும் எதுவும் போட்டுடக் கூடாதுல்ல!" என்று சிரித்தார்.

"திருப்பி மாட்டினது எதுக்குன்னு சொல்லவே இல்லையே."

சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தக் கோர்ட்டுப் பழக்கம்மா. நீதிபதிக்கு வேண்டப்பட்ட ரத்த சொந்தம் யாராவது குற்ற வழக்குல மாட்டி, அந்த வழக்கு அவர்கிட்டயே வந்துச்சுன்னா, அவர் அதுல உட்கார மாட்டார். அதை வாயால சொல்றது கஷ்டம்ல? அதுக்காக ஒரு வார்த்தையும் சொல்லாம அங்கியைத் திருப்பி மாட்டச் சொல்லுவார். தலைமை நீதிபதி வந்து பார்ப்பார், வழக்கை வேற ஒருத்தருக்கு மாத்திடுவார். யாரு, என்னன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. வழக்கு முடியிற வரைக்கும் அப்படியேதான் தொங்கணும். முடிஞ்சப்புறம் அவரே திருப்பக் கூடாது. வீட்டு ஆளு ஒருத்தர் வந்து, தன் கையால நேராக்கி மாட்டணும்."

"யாருங்க அந்தச் சொந்தம்?"

"அதைக் கேட்கக் கூடாதுன்னுதானே அம்மா இந்த ஏற்பாடே."

நடந்து வரும்போதே எண்ணிப் பார்த்தேன். என் பக்கத்து ஆட்கள் அவருக்கு ரத்த சொந்தம் ஆக மாட்டார்கள். அவர் பக்கம் பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் கடல் தாண்டி இருக்கிறார்கள், போன வாரம்தான் கடிதம் போட்டார்கள். மிச்சம் நீயும் சிட்டுவும். நீ கடையில் இருக்கிறாய், அவன் புதுக் கிளையில் இருக்கிறான் என்று நீயே எழுதிவிட்டாய். அப்படியானால் யார்? உனக்குத் தெரிந்து, நான் அறியாத சொந்தம் யாராவது உண்டா? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணி

*

பிப்ரவரி 26

அண்ணிக்கு,

வணக்கம். கடையில் கணக்கு முடிக்கிற நேரம், அதனால் உடனே எழுத முடியவில்லை. உங்கள் முட்டிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள், ஒரு களிம்பு வைத்து அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் அங்கி அறை வரைக்கும் போயிருக்க வேண்டாம். எங்கள் பக்கம் யாரும் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. அந்த அங்கி அறைக்காரர் வயசான மனுஷர், ஏதாவது உளறியிருப்பார்.

அண்ணன் எத்தனையோ ஊரில் வேலை பார்த்தவர். நீங்கள் கூடப் போகாத ஊரும் இருக்கிறது. எந்த ஊரில் யார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? நமக்குக் கிடைத்த வரைக்கும் போதும் என்று இருந்துவிட வேண்டியதுதான்.

பாப்பா

*

மார்ச் 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

களிம்பு வந்தது. தடவினேன். உன் கடிதமும் வந்தது. அது தடவ முடியாத இடத்தில் பட்டது.

நான் கூடப் போகாத ஊர் ஒன்றே ஒன்று. மலைமேல் இருக்கிற அந்த ஊர். என் அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷம் அவர் தனியாக அங்கே வேலை பார்த்தார். ஓட்டலில் சாப்பிட்டதாகச் சொன்னார். நான் நம்பினேன். திரும்பி வரும்போது நன்றாகச் சதை போட்டிருந்தார். ஓட்டல் சாப்பாட்டில் யாருக்குச் சதை போடும்? அப்போது தோன்றாதது இப்போது தோன்றுகிறது. அந்த ஊரில் அன்றைக்கு ஒன்று பிறந்திருந்தால், இன்றைக்குக் கோர்ட்டில் வந்து நிற்கிற வயசுதான்.

இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் வைத்திருந்தால் வேறு எங்கேயோ கூசுகிறது.

இன்னொன்றும் உண்டு. புதன்கிழமை மத்தியானம் கோர்ட்டு கிடையாது, வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார். தை பிறந்ததிலிருந்து வருவதில்லை. "டிபன் பாக்ஸ்ல கட்டிக் குடு, கொஞ்சம் கூடவே வை, இப்பல்லாம் பசிக்குது" என்கிறார். நானும் பெரிய பாக்ஸில் வைக்கிறேன். சாயங்காலம் அது கழுவித் துடைத்துத் திரும்பி வருகிறது. பாப்பா, உன் அண்ணன் குடித்த டம்ளரை எடுத்து வைத்து நீ பார்த்திருக்கிறாயா? அந்த மனுஷன் பாக்ஸைக் கழுவிக் கொண்டுவருகிறார். யார் வீட்டுக் குழாயில் கழுவுகிறார்?

நேற்று கேட்டே விட்டேன்.

"உங்க சொந்தத்துல யாருக்குங்க கேஸ்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. அதான் கேட்கிறேன்."

"கோர்ட் விஷயம் வாசலோட."

"சொந்தம்னா அது வீட்டு விஷயம்ங்க."

எழுந்து கையைக் கழுவிவிட்டார். பாதிச் சாப்பாடு தட்டில் கிடந்தது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை நான் ஆண்டவன் கணக்கில் எழுதி மூடிவிட்டேன். அவர் மட்டும் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தால், நான் இத்தனை வருஷம் எந்த வீட்டில் இருந்தேன்? நீ அவரோடு பிறந்தவள். உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததால்தான் அந்த வரியை எழுதினாய். முழுதும் எழுது.

அண்ணி

*

மார்ச் 24

பாப்பாவுக்கு,

பதில் இல்லை. நீயும் நன்றாக இருக்க வேண்டும், உன் முதுகும் நன்றாக இருக்க வேண்டும்.

என் தங்கை வீட்டுக்கு எழுதிவிட்டேன். எத்தனை நாள் இருப்பேன் என்று எழுதவில்லை. பெட்டியில் நான்கு புடவை, கண்ணாடி, பிரார்த்தனைப் புத்தகம் வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவர் குனிந்து பார்க்கிற ஆள் இல்லை. இந்த வீட்டை விட்டு நான் ஒரு நாள் இப்படிப் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஒரே கேள்வி. உன் அண்ணனுக்கு வேறு குடும்பம் உண்டா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். ஏப்ரல் பாதி வரை பார்ப்பேன்.

அண்ணி

*

ஏப்ரல் 1

அண்ணிக்கு,

பெட்டி கட்டாதீர்கள். அவசரப்பட வேண்டாம். உங்கள் உடம்புக்கு இந்த அலைச்சல் ஆகாது.

அண்ணன் அப்படிப்பட்டவர் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. என் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அப்படிப்பட்டவர் இல்லை என்று இங்கிருந்துகொண்டு நான் எப்படிச் சொல்வேன்? கூடப் பிறந்தவர் மனசில் இருப்பது நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். நேரம் வரும்போது தங்கையாவது ஒன்றாவது என்று போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு இதற்கு மேல் எதுவும் தெரியாது. என்னைக் கேட்காதீர்கள்.

பாப்பா

*

ஏப்ரல் 9

பாப்பாவுக்கு,

நேற்று புதன்கிழமை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. உன் அண்ணன் தொப்பலாக நனைந்து, காய்ச்சலோடு வந்து படுத்துவிட்டார். டிபன் பாக்ஸ் பையிலேயே கிடந்தது. முதல் தடவையாகக் கழுவாமல் வந்திருந்தது.

திறந்தேன். பாக்ஸ் காலி. மூடியைத் திருப்பினேன். மூடியின் விளிம்பைச் சுற்றி வெங்காயத் துண்டுகள். ஒன்றன் பின் ஒன்றாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல், வட்டமாக வரிசை வைத்திருந்தது.

மூடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன்.

இந்த உலகத்தில் வெங்காயத்தைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து இப்படி அணிவகுத்து வைக்கிற பிள்ளை ஒன்றுதான். மூன்று வயசிலிருந்து என் சமையலறையில் அதைத்தான் செய்தான். "வெங்காயத்துக்கு என்னடா வரிசை, பள்ளிக்கூடம் நடத்துறியா?" என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். "வரிசையில நின்னாத்தான் அத்தை அழாது" என்பான்.

பாப்பா, சிட்டு எங்கே இருக்கிறான்?

காய்ச்சலில் கிடக்கிறவரை எழுப்பிக் கேட்கவில்லை. மூடியைக் கழுவி வைத்துவிட்டேன். காலையில் எழுந்ததும் முதலில் பையைத்தான் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு கிளைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று எழுதினாயே. வெளியாட்களை விடமாட்டார்கள் என்று எழுதினாயே. அதில் ஒன்று மட்டும் உண்மை என்று இப்போது தெரிகிறது. நான் மூன்று மாசமாகக் கட்டிக் கொடுத்தது யாருடைய வாய்க்குப் போனது என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "எந்த ஊரில் யாரோ" என்று எழுதினாய். என் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருப்பதும் உனக்குத் தெரியும். அப்போதும் "இல்லை" என்று ஒரு வார்த்தை எழுத உனக்குக் கை வரவில்லை. ஏன்?

சமாதானம் எழுத வேண்டாம். நடந்ததை எழுது.

அண்ணி

*

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

டிசம்பர் முதல் வாரம். கிடங்கில் சுமை ஏற்றுகிற மேடையில் வாய்த்தகராறு. மேற்பார்வையாளர் சிட்டுவின் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். இறந்துபோன மனுஷரைப் பற்றி. இவன் தள்ளியிருக்கிறான். அவர் மேடையிலிருந்து கீழே விழுந்தார். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அன்றைக்கே சிட்டுவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வழக்கு யாரிடம் வந்தது என்று வக்கீல் எழுதியதைப் பார்த்ததும் ஆண்டவன் இருக்கிறான் என்று நினைத்தேன். சிட்டுவுக்கு அவன் அப்பா வீட்டுப் பெயர். அண்ணனுக்கு எங்கள் வீட்டுப் பெயர். அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. நான் அண்ணனுக்குக் கோர்ட்டு விலாசத்துக்கே எழுதினேன். விடுதலை பண்ணுங்கள் என்று கேட்கவில்லை, அண்ணி. வாயைத் திறக்காமல் அந்த நாற்காலியில் உட்காருங்கள் என்றுதான் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். சொந்தம் என்று சொல்லாமல் இருப்பது ஒரு பொய்யா?

அதற்கு அவர் போட்ட பதில் உங்களுக்குத் தெரியும். ஒரு துணியைத் திருப்பி மாட்டினார். எனக்கு ஒரு வரி எழுதினார்: "நான் உட்கார முடியாது பாப்பா." அப்பா செத்த பிறகு எனக்குச் சோறு ஊட்டின கை அது.

உங்களுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். நீங்கள் சிட்டுவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினீர்கள், உங்கள் முன்னால் எனக்கு இருந்தது அந்த ஒரு பெருமைதான். நான் கேட்டதில் அதை மட்டும் காப்பாற்றினார். உங்களிடம் பொய்கூடச் சொன்னார், எனக்காக.

ஏன் என்று கேட்டீர்கள். என் பிள்ளை கம்பிக்குப் பின்னால் இருக்க, நீங்கள் இரண்டு பேரும் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு ராத்திரியாவது ஒருத்தர் தூங்காமல் இருக்கட்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன். பிறகு திருப்பி வாங்க முடியவில்லை.

மே முதல் வாரம் தீர்ப்பு. நான் வரப்போவதில்லை. அவனைக் கூண்டில் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை, அண்ணன் முகத்தில் விழிக்கவும் தெம்பில்லை.

பாப்பா

*

மே 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. என் முட்டி தேவலை. உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். மறுபடி படித்தால் பதில் எழுத மாட்டேன் என்று பயந்து பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அங்கே இருக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும். உன் அண்ணனிடம் காட்டவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கும்போது அவர் பார்த்துவிட்டார். "பெட்டி எதுக்கு?" என்றார். "பூச்சி மருந்து வைக்க எடுத்தேன்" என்றேன். ஆக, இந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு பொய் ஆகிவிட்டது.

நேற்று தீர்ப்பு. நீ வரவில்லை, அதனால் பார்த்ததை எழுதுகிறேன்.

காலையில் அவர் கட்டம் போட்ட பழுப்புச் சட்டையை எடுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற சட்டை.

"கோர்ட்டுக்கா இதைப் போட்டுட்டுப் போறீங்க?"

"இன்னைக்கு லீவு போட்டிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் பித்தானையே போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நீயும் வர்றியா?" என்றார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு அந்த மூடி கழுவியிருந்த அன்றைக்கே தெரியும். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன்.

அவர் எத்தனையோ வருஷம் வேலை பார்த்த கட்டடம். பின்வாசல் வழியாக அங்கி அறைக்குப் போகிறவர், நேற்று முன்வாசலில் வரிசையில் நின்றார். காவல்காரர் பதறி, "ஐயா, நீங்க இந்தப் பக்கம்…" என்றார். "இந்தப் பக்கம்தான்" என்று பையைத் திறந்து காட்டினார். பொதுமக்கள் உட்காருகிற பெஞ்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன் வரிசையில் அந்த மேற்பார்வையாளரின் மனைவி. அவள் புருஷனின் சக்கர நாற்காலியை நிறுத்த இடம் போதவில்லை. உன் அண்ணன் எழுந்து பெஞ்சை நகர்த்திக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு இவர் யார் என்று தெரியாது. "நன்றிங்க" என்றாள். இவர் குனிந்து சக்கரத்துக்கு வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

பெண் நீதிபதி சிவப்பு அங்கியில் வந்தார். எல்லோரும் எழுந்தோம். உன் அண்ணனும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். சிட்டு இளைத்திருக்கிறான், முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். தலையைத் தூக்கவே இல்லை. குற்றவாளி என்று வாசித்தார்கள். மூன்று வருஷம்.

தண்டனையைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறார்கள் பாப்பா, எனக்கு இதுவரை தெரியாது. "இந்த ஆளுக்குச் சொந்தம் என்று இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்கிறார். யாராவது இருந்தால் பக்கத்தில் போய் நிற்கலாம். சிட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் இல்லை என்றே முடிவு பண்ணியிருந்தான் போல.

உன் அண்ணன் எழுந்தார். குமாஸ்தாக்கள், வக்கீல்கள், காவல்காரர்கள், அவருக்குத் தினமும் வணக்கம் வைக்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டம் போட்ட சட்டையோடு நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நான் இருக்கேன். தாய்மாமன்."

முன் வரிசை அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை. அதையும் தாங்கிக்கொண்டு நடந்து போனார். பிள்ளையின் தோளில் கை வைத்தார். அப்போதுதான் சிட்டு அழுதான்.

நீ கேட்ட மாதிரி அவர் மேலே அந்த நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், அந்தக் கேள்வியை அவரே கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டு, பதிலுக்கு யாரும் இல்லை என்று அவரே எழுதியிருக்க வேண்டும். அங்கியைக் கழற்றியதால்தான் அந்தப் பிள்ளைக்கு மாமன் கிடைத்தான். இதை உனக்குப் புத்தி சொல்ல எழுதவில்லை. எனக்கே அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. நான் அந்த அங்கிக்குப் பின்னால் ஒரு பெண்ணையும் பிள்ளையையும் ஒளித்து வைத்துப் பார்த்தேன். நீ வழி காட்டினாய், ஆனால் நடந்து போனது நான்தான்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது ஒரு கடிதத்தில் போகிற கோபம் இல்லை. இனிமேல் நீ "சுகம்" என்று எழுதினால்கூட, நிஜமாகவா என்று ஒரு தடவை யோசிப்பேன். அதைப் பழக்கிவிட்டவள் நீ.

வழக்கு முடிந்துவிட்டது. அங்கி அறைக்காரர் இன்று காலை ஆள் அனுப்பியிருந்தார், அங்கியை நேராக்க வீட்டு ஆள் எப்போது வருகிறார்கள் என்று. உன் அண்ணனிடம் கேட்டேன். "நீதான் போகணும், வேற யாரு இருக்கா?" என்றார். நான் போனால் ஒரு நிமிஷ வேலை. கொக்கியிலிருந்து எடுத்து, கையை விட்டு இரண்டு சட்டைக் கையையும் வெளியே இழுத்து, உதறி மாட்ட வேண்டியதுதான்.

நான் போகவில்லை. அதை நேராக்க வேண்டிய கை என்னுடையது இல்லை. நீ வா பாப்பா. அவரிடம் எதுவும் பேச வேண்டாம், அவரும் பேசமாட்டார். அங்கியை எடுத்து நேராக்கி மாட்டு, அவர் பார்த்துக்கொண்டு நிற்பார், அது போதும். நீ வரும்வரை அவர் கருப்பிலேயே போகட்டும். புதன்கிழமை சிட்டுவைப் பார்க்கிற நாள். மூடியை நீயே திறந்து கொடுக்கலாம். அம்மா வருவாளா என்று நேற்று என்னிடம் கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மாடி அறையைப் பெருக்கி, உன் முதுகுக்குத் தோதாகப் பலகைக் கட்டிலைப் போட்டு வைத்திருக்கிறேன். எந்த நாள், எந்த வண்டி என்று மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

அண்ணி